நாதை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். உன் தொண்டைக்கட்டு விட்டதா? வெந்நீர் குடி என்றால் நீ கேட்கப் போவதில்லை. இருந்தாலும் குடி.

நம் தங்கை சின்னவளும் அவள் புருஷனும் விபத்தில் போய் நாளையோடு இரண்டு மாதம். அடக்கம் முடிந்த கையோடு நீ ரயில் ஏறிவிட்டாய். அவர்கள் பெண் குண்டூசி அன்றைக்கு என் முந்தானையைப் பிடித்தவள்தான், இன்னும் விடவில்லை. ஆறு வயசுக்கு அவள் கேட்கிற கேள்விக்கு அந்தப் பெயர் வைத்தவள் சின்னவள். சரியாகத்தான் வைத்திருக்கிறாள், எங்கே தொட்டாலும் குத்துகிறது.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். முன்னறையில் மாமனார் கட்டில். உள்ளறையில் நாங்கள். குண்டூசி சமையலறையில் அலமாரிக்குக் கீழே படுக்கிறாள். பள்ளி விட்டதும் நேராகச் சலவைக்கடைக்கு வந்து என் தேய்ப்பு மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறாள். நான் மேலே சட்டை தேய்க்கிறேன், கீழேயிருந்து கேள்வி வருகிறது.

நேற்று ஒரு கூத்து. உன் அத்தான் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தவர், இவள் தலையைப் பார்த்து, "என்னடி இது, அசிங்கமா!" என்று கத்தினார். குரலா அது, ஹாரன். இவள் உள்ளே போய், சீப்பை நனைத்து, வகிடு எடுத்து வாரிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்று, "பெரியப்பா, இப்ப சிங்கமா இருக்கா?" என்றாள். மாமனார் சிரித்து இருமலில் போய் நின்றார். உன் அத்தான் சிரிக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அவர் "ஜூன் வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் அநாதை இல்லத்துல விட்டுடுவேன்" என்கிறார். சொன்னால் செய்கிற ஆள். உனக்கு இரண்டு அறை இருக்கிறது, இருப்பது நீ ஒருத்தன். இவளை எடுத்துக்கொள்வாயா?

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். தொண்டை சரியாகவில்லை. எல்லாம் அகராதிக்குச் சொல் எழுதி வைக்கிற சீட்டுகளின் தூசு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சிங்கம்! உனக்குப் புரிகிறதா அவள் என்ன செய்திருக்கிறாள் என்று? நியாயம், அநியாயம். நீதி, அநீதி. முன்னால் அ வந்தால் 'இல்லை' என்று யாரும் சொல்லித்தராமலே பிடித்துவிட்டாள். அசிங்கத்தில் இருக்கிற அ அந்த மாதிரி அ-தானா என்று அவளுக்குக் கவலை கிடையாது. ஒட்டு மாதிரித் தெரிந்தது, உரித்துவிட்டாள். மிச்சம் ஒரு சொல். அகராதி அலுவலகத்தில் நாங்கள் இதை 'உரித்த சொல்' என்போம். இலக்கணத்தில் வரும் உரிச்சொல் வேறு, குழப்பிக்கொள்ளாதே. பெரிய மொழிகளில் எத்தனையோ சொற்கள் இப்படி யாரோ தப்பாக உரித்ததில் பிறந்தவைதான். ஆனால் உரிக்கிற நேரத்தில் கையும் களவுமாகப் பிடிப்பது என்பது லேசில் கிடைக்காது.

இனி அவள் எதை உரித்தாலும் உடனே எழுது. நாள், இடம், யாரிடம் சொன்னாள், சொன்ன வாக்கியம் அப்படியே. ஒன்று முக்கியம், நீ கேட்டு வாங்கக் கூடாது. தானாக வர வேண்டும்.

நீ கேட்டதைப் பற்றி யோசிக்கிறேன். பின்னறை முழுக்கச் சீட்டுப் பெட்டிகள். அலுவலகத்தில் இடமில்லாமல் ந வரிசை மொத்தமும் என் வீட்டில்தான் இருக்கிறது. நூற்றுப்பத்துப் பெட்டி, நுழைந்தால் திரும்ப முடியாது. ந முடியட்டும், பார்ப்போம்.

அத்தானுக்கு என் வணக்கம். நீயும் நின்றுகொண்டே இருக்காதே, கால் வீங்கும்.

தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

கால் வீங்கித்தான் இருக்கிறது. மற்றபடி நலம். தூசுக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்.

நாள் பிப்ரவரி 3. இடம் சமையலறை. போதுமா சாமி? இவள் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டாள். உன் அத்தான் போட்டார் ஒரு சத்தம். இவள் குவளையை எடுத்து வைத்துவிட்டு, "அதட்டாதீங்க பெரியப்பா, தட்டுங்க" என்று சொல்லி, திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சின்னவள் இவளை முதுகில் தட்டித்தான் தூங்க வைப்பாள், உனக்குத் தெரியுமோ என்னவோ. அதட்டுவதற்கு எதிர்ச்சொல் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் அத்தான் தட்டினார். அதைப் பற்றி வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

நாள் பிப்ரவரி 6. வீட்டு வாசல். நான் "அவசரம், அவசரம்" என்று பறக்கிறேன். இவள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, "நீங்க அவசரமா போங்க பெரியம்மா, நான் வசரமா வரேன்" என்றாள். வசரமாகத்தான் வந்தாள். மணி அடித்துவிட்டது.

உனக்குச் சொல் என்றால் உயிர் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். "மாமா வீட்டு ரூம்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள். பெட்டி பெட்டியாகச் சொல் இருக்கிறது என்றேன். "நான் ஒல்லிதான் பெரியம்மா, நடுவுல படுத்துக்குவேன்" என்றாள்.

அந்த அறையைப் பற்றி எழுது. சொல்லைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நழுவாதே. சாப்பாட்டு நேரம் தவறாதே.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தொண்டையும் தேவலை. நீ ஒரு முக்காலி வாங்கிப் போட்டுக்கொண்டாவது தேய்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தலைமைப் பதிப்பாசிரியர் சிரிக்கவே மாட்டார் என்று எங்கள் மாடியில் ஒரு நம்பிக்கை உண்டு. 'தட்டுங்க' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வசரம் மூன்றாவது மாடி முழுக்கப் பரவிவிட்டது. "டீ வசரமா வரட்டும்" என்கிறார்கள். பதினாறு வருஷத்தில் என் பெயரை அவர்கள் இத்தனை தடவை சொன்னதில்லை. ஒரு சொல்லுக்கு மூன்று மேற்கோள் கிடைத்தால் அகராதியிலேயே ஏற்றலாம் என்றார் ஆசிரியர். மூன்று வெவ்வேறு நாளில், கேட்டு வாங்காமல், தானாக வந்த மூன்று வாக்கியங்கள். அதுதான் எங்கள் விதி.

அறை. இதோ, நழுவாமல் எழுதுகிறேன். ஜூன் முதல் வாரம் ந அச்சுக்குப் போகும். பெட்டிகளும் போகும். அறை காலி. குண்டூசியிடம் தைரியமாகச் சொல், ந முடிந்ததும் மாமா கூட்டிக்கொண்டு போவார் என்று.

அவள் படம் போடுவதற்கு வெற்றுச் சீட்டு ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


மார்ச் 20

என் அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பாய். இந்தக் கடிதத்துக்கு வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, வயிற்றில் பாலை வார்த்துவிட்டாய்.

தைரியமாகச் சொல்லிவிட்டேன். அன்றைக்கே பை கட்டிவிட்டாள். இரண்டு கவுன், அவள் அம்மாவுடைய சீப்பு, நீ அனுப்பின சீட்டுக் கட்டு. தினமும் காலையில் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்டுகிறாள். ந என்றால் எத்தனை பெரிசு, இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டு உயிரை வாங்குகிறாள். நான் என்ன கண்டேன்? 'நரி' தாண்டியாச்சு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாள் மார்ச் 17. எல்லோரும் சாப்பிடுகிறோம். இவள் என்னமோ எதிர்த்துப் பேசினாள். உன் அத்தான், "அநாதைக்கு வாயைப் பாரு" என்றார். மாமனார்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் அழவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விரலை மடக்கினாள். "மாமா இருக்காரு. பெரியம்மா இருக்காங்க. மாமா ஜூன்ல கூட்டிட்டுப் போவாரு. நான் அநாதை இல்ல பெரியப்பா. நான் நாதை." அப்படிச் சொல்லிவிட்டு மறுபடி தட்டை இழுத்துச் சாப்பிட்டாள். 'நாதை' என்று ஒரு சொல் உண்டா? நாதி கேள்விப்பட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. மார்ச் 18. அவர் 'உதவாக்கரை' என்று யாரையோ திட்டினார். குண்டூசி, "நான் உதவுங்கரை" என்றாள்.

ஜூன் வரைக்கும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்போம். குளிர்ந்தது எதுவும் குடிக்காதே.

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே.

கோபப்படாமல் எழுத வேண்டும் என்று நான்கு வாரம் காத்திருந்தேன். உதவுங்கரை போலி. குழந்தை உரிக்கும், ஒட்டுப் போடாது. முன்னால் இருப்பதைக் கழற்றிப் போடுவாள், அவ்வளவுதான். நடுவில் இருக்கிற எதிர்மறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்துத் தைக்கிறது பெரியவர்கள் வேலை. தேய்ப்பு மேசையில் நின்றுகொண்டு நீ செய்த சொல் அது. இல்லையென்று சத்தியம் பண்ணு பார்ப்போம்.

நான் அதைக் கூட்டத்தில் படித்துவிட்டேன். படித்து முடிப்பதற்குள் ஆசிரியர் சொல்லிவிட்டார், "இது பெரியவங்க கைவேலை. அப்போ மத்ததும்?" என்று. பன்னிரண்டு மேசையும் என்னைப் பார்த்தது. சிங்கம், தட்டு, வசரம், நாதை, எல்லாச் சீட்டிலும் சிவப்பு மையில் 'ஐயம்' என்று எழுதிவிட்டார்கள். நாதை எவ்வளவு அருமையான சொல் தெரியுமா உனக்கு? வந்திருந்தால் ந தொகுதியிலேயே வந்திருக்கும்.

அறையைப் பற்றி. ந போனதும் ப வருகிறது. நூற்றறுபது பெட்டி. எங்கே வைப்பது என்று கேட்டார்கள், என் வீட்டில் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போதைக்கு அவளிடம் ஜூன் என்று சொல்ல வேண்டாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

நான் நலமில்லை. நீ நலமாக இரு.

ஆமாம், நான்தான் செய்தேன். இரண்டு நாள் எதுவும் சொல்லாமல் இருந்தாள். சொல் நின்றுபோனால் நீ கைவிட்டுவிடுவாய் என்று பயம் வந்தது, நானே ஒன்றைச் செய்தேன். மற்ற நாலும் அவளுடையது. சின்னவள் மேல் ஆணை. திருடி நான். தண்டனை அவளுக்கா? இது எந்த ஊர் நியாயமடா?

ஒன்று உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். அதைச் சொல் என்றே எனக்குத் தோன்றவில்லை. போன மாதம் மேசைக்கு அடியிலிருந்து கேட்டாள். "பெரியம்மா, அ-ன்னா இல்லைன்னுதானே?" ஆமாம் என்றேன். "அம்மா, அப்பா, ரெண்டுலயும் முதல்லயே அ இருக்கு. அதான் ரெண்டு பேரும் இல்ல." என் கை சட்டை மேலேயே நின்றுவிட்டது. காலர் கருகிற வாசனை வந்த பிறகுதான் தேய்ப்புப் பெட்டியைத் தூக்கினேன். இவள் என் காலைப் பிடித்துக்கொண்டு, "அ-வை எடுத்துட்டா இருப்பாங்கல்ல? நான் உங்களை ம்மான்னு கூப்பிடட்டா?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலை கிடக்கு, தள்ளிப் போ" என்றேன். உன் அத்தான் காதில் விழுந்தால் என்று பயந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

இதைச் சீட்டில் எழுதாதே. எழுதினால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

ஜூன் என்று சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சொல்லிவிட்டேனே! பை வாசலில் இருக்கிறது. உன் காலில் விழுந்து கேட்கிறேன், என் மேல் இருக்கிற கோபத்தை என்னிடம் வைத்துக்கொள். அவளை எடுத்துக்கொள்.

பதில் போடு. இரண்டு வரியாவது போடு.

அக்கா


ஜூன் 14

தம்பிக்கு,

ஐம்பது நாள் ஆயிற்று. நீ நலம் என்று வைத்துக்கொள்கிறேன். ஏதாவது ஆகியிருந்தால் உன் அலுவலகத்தில் தந்தி அடித்திருப்பார்கள்.

போன வாரம் உன் அத்தான் குண்டூசியை இல்லத்தில் சேர்த்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். உன் ஊரிலேயே இருக்கிற இல்லம்தான், உன் வீட்டிலிருந்து இரண்டு பஸ். அந்த ஊராகப் பார்த்துச் சேருங்கள் என்று அவரிடம் கெஞ்சினது நான். பக்கத்தில் இருந்தால் உன் மனசு கேட்காது என்று நினைத்தேன். உன் மனசைப் பற்றி நான் நினைத்த எதுதான் சரியாக இருந்தது!

அவளிடம் 'மாமா ஊருக்குப் போகிறாய்' என்று மட்டும் சொன்னோம். பொய் இல்லையே? ரயிலில் முழு நேரமும் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். வாசலில் அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்து, "மாமா வீட்ல இவ்வளவு ரூமா?" என்று கேட்டாளாம். உன் அத்தான் இதைச் சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. கல்லும் கொஞ்சம் வேர்க்கிறது.

இல்லத்து மேற்பார்வை அம்மா நேற்று கடிதம் போட்டிருந்தார். குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறாளாம். அவள் வந்து ஐந்தே நாளில் அங்கே இருக்கிற நாற்பது பிள்ளைகளும் ஒரு புதுச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வந்து பார்க்கிற பிள்ளையை 'நாதை' என்று கூப்பிடுகிறார்களாம், கண்டித்தும் நிற்கவில்லையாம். உன்னிடம் இதைச் சொல்லி மன்றாட வரவில்லை. உன் சிவப்பு மைக்காகச் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கும் நான் சொல்லிக்கொடுத்தேனா என்று உன் ஆசிரியரைக் கேள்.

ஞாயிறு மூன்று மணி முதல் ஐந்து மணி வரை பார்க்கலாம். போடா. தயவுசெய்து போ.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். கோபம், பிறகு வேலை, பிறகு வெட்கம். வேறென்ன சொல்ல?

உன் கடிதம் வந்ததும் ஆசிரியரிடம் ஓடினேன். நாற்பது பேர் வாயில் புழங்குகிற சொல்லைப் போலி என்று யாரும் சொல்ல முடியாது. 'நா' வருகிற படிவம் அச்சகத்தில் இன்னும் பூட்டப்படவில்லை, ஒரு சொல் சேர்க்கலாம். "போய் உங்க காதால மூணு தடவை கேட்டுட்டு வாங்க" என்றார். போனேன். மூன்று ஞாயிறு தொடர்ந்து போனேன்.

நீளமான கூடம், இரண்டு வரிசை பெஞ்சு. வாசலில் ஒரு பெண் நின்று பெயர் கூப்பிடுகிறாள். கூப்பிட்ட பிள்ளை எழுந்து ஓடுகிறது, மற்றவர்கள் "நாதை! நாதை!" என்று கத்துகிறார்கள். மயிர்க்கூச்செறிந்தது அக்கா. ஒரு சொல் நம் கண் முன்னால் நடக்கப் பழகுகிறது.

முதல் ஞாயிறு குண்டூசி பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னைக்கு நான் நாதை!" என்று திரும்பி எல்லோருக்கும் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து, "மாமா, ந முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட, என்றேன். வாக்கியத்தை அங்கேயே எழுதிக்கொண்டேன். ஐந்து மணிக்கு மணி அடித்தது. நான் பஸ்ஸுக்குக் கிளம்ப, கேட் வரை பையோடு கூடவே வந்தாள்.

இரண்டாவது ஞாயிறும் பை. செருப்பை முன்னாலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பிள்ளையிடம், "நான் ரெண்டு வாரமா நாதை" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அது இரண்டாவது மேற்கோள்.

மூன்றாவது ஞாயிறு பை இல்லை. அமைதியாக உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பை எங்கே என்றேன். "உள்ள இருக்கு மாமா, கனமா இருக்கு" என்றாள். பக்குவம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல்லை அன்றைக்கு அவள் சொல்லவில்லை. நான் கேட்டு வாங்கவும் கூடாது. இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வெறுங்கையோடு திரும்பினேன். ஒரு மேற்கோள் குறைகிறது.

ப பெட்டிகள் வந்துவிட்டன. அறைக்குள் இப்போது பக்கவாட்டில்தான் நுழைய முடிகிறது. 'ம்மா'வைச் சீட்டில் எழுதவில்லை, உனக்குக் கொடுத்த மரியாதை. ஆனால் அருமையான சொல் அது.

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி


ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு கடையில் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். உன் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் உன் பெட்டிகளைக் கொளுத்தியிருப்பேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு முன்னாலேயே போய்விட்டேன். கூடத்துக் கதவு பாதி திறந்திருந்தது. புதுசாக ஒரு குழந்தை வந்திருக்கிறது, நாலு வயசு இருக்கும். மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தது. குண்டூசி பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொண்டே சொன்னாள். "அழாதே. நீ அநாதை. உனக்கு யாரும் வரமாட்டாங்க, அதனால யாரும் போகவும் மாட்டாங்க. நான்தான் நாதை. எனக்கு எல்லாரும் இருக்காங்க. வருவாங்க, பார்ப்பாங்க, போயிடுவாங்க."

கேட்டுக்கொண்டாயா? அதுதான் உன் சொல்லுக்கு அர்த்தம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் விரல் மடக்கி எண்ணி அவள் செய்த சொல் அது. உன்னையும் என்னையும் நம்பிச் செய்தது. மூன்று ஞாயிற்றில் நீ அதை என்னவாக ஆக்கியிருக்கிறாய் பார்.

என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. "இன்னைக்கு நீங்களா பெரியம்மா?" என்றாள். அவள் தலையை வாரிவிட்டேன். "இப்ப சிங்கமா இருக்கு" என்றேன். "சிங்கம்னா மிருகம் பெரியம்மா. அழகுக்குச் சிங்கம்னு சொல்லக் கூடாது. தப்பு" என்றாள். யாரோ நன்றாகத் திருத்திவிட்டிருக்கிறார்கள்.

ஐந்து மணி அடித்தது. நானும் கிளம்பினேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நானும் வந்து, பார்த்து, போனவள்தான். 'ம்மா' என்று கூப்பிடட்டுமா என்று கேட்டவளைத் தள்ளிப் போ என்றவள். ஆனால் நான் அவள் சொல்லை வைத்துப் பேர் வாங்கவில்லை. பாவி நான், அது எனக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கு அதுகூடத் தெரியவில்லையேடா!

அந்த வீட்டில் அவளைத் திரும்பக் கொண்டுவந்து வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் கையை நான் பார்த்திருக்கிறேன். உன்னிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஒன்று அவளை எடுத்துக்கொள். இல்லை, அந்தச் சொல்லை எடுத்துவிடு. புத்தகத்தில் அது நிற்கக் கூடாது. அவள் பெரியவளாகி ஒரு நாள் பிரித்துப் பார்ப்பாள்.

அக்கா


நவம்பர் 3

அக்கா,

நீ கேட்ட இரண்டில் ஒன்றும் முடியவில்லை.

உன் கடிதத்தில் இருந்ததை மேற்கோளாக எடுத்துக்கொண்டு போனேன். நீ அனுப்பியது என்பதால் செல்லாது என்றார்கள். அடுத்த ஞாயிறு நானே போனேன். கேட்டு வாங்கவில்லை. அந்தச் சின்னக் குழந்தை என்னைக் காட்டி, "அக்கா, இவரு யாரு?" என்று கேட்டது. குண்டூசி தானாகவே சொன்னாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எழுதிக்கொண்டேன். சீட்டைப் பார்க்காமல் எழுதியதால் எழுத்துக் கோணல், அச்சுக்கோப்பவர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார்.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. மூன்றும் கிடைத்துவிட்டது.

பக்கம் அச்சேறிவிட்டது. வெட்டி இணைத்திருக்கிறேன்.

நாதை, பெயர்ச்சொல். (குழந்தைகள் வழக்கு.) 'அநாதை' என்பதிலுள்ள அ-வை எதிர்மறை முன்னொட்டாகக் கொண்டு உரித்து ஆக்கியது. 1. உற்றார் உள்ள பிள்ளை. 'இன்னைக்கு நான் நாதை!' 'நான் ரெண்டு வாரமா நாதை.' 2. உற்றார் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும் பிள்ளை. 'இவரு என் மாமா. இவராலதான் நான் நாதை.'